தெற்றுப் பல்லும் இந்திய இரும்பும்: அஸ்ஸஹ்ராவீயின் அறுவை நூலில் ஒரு சிற்றத்தியாயம்

இஸ்லாமிய நாகரிகம் மருத்துவக் கலைக்கு வழங்கிய கொடைகளைப் பேசும் மேடைகளில் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீயின் பெயர் தவறாமல் ஒலிக்கிறது. 'அறுவை மருத்துவத்தின் தந்தை' என்ற பட்டத்தைச் சொல்லி, இருநூறு கருவிகளுக்குப் படம் வரைந்தவர் என்ற செய்தியையும் சேர்த்துக்கொண்டு, நாம் அடுத்த அறிஞரின் பெயருக்கு நகர்ந்துவிடுகிறோம். அன்னார் எழுதியது என்ன, கத்தியைக் கையில் எடுக்குமுன் மருத்துவன் எதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றார் எனக் கேட்போர் நம்மில் சிலரே. எனவே, அவருடைய பெருநூலிலிருந்து மிகச் சிறிய அத்தியாயம் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். இடம் தவறி முளைத்த பல்லுக்கு என்ன செய்வது என்பதே அதன் பொருள்.

ஒரு பல்லின் மேல் மற்றொன்று ஏறி நிற்பதை நம் மக்கள் தெற்றுப் பல் என்பர். அந்தச் சிரிப்பில் அழகு காண்போரும் நம்மிடையே உண்டு. அதனால் எவரும் இறப்பதில்லை. போர்க்களத்தில் தைத்த அம்பை எடுப்பது, நீர்ப்பையில் இறுகிய கல்லை அகற்றுவது, முறிந்த எலும்பைக் கூட்டுவது என உயிர் ஊசலாடும் நிலைகளைப் பற்றி எழுதிய ஒருவர், இந்தச் சிறு குறைக்கும் தனி அத்தியாயம் ஒதுக்கியது ஏன்? இக்கேள்வியைத் தொடர்ந்து சென்றால், மருத்துவமும் மார்க்கச் சட்டமும் ஒரே எல்லைக்கோட்டை இரு திசைகளிலிருந்து வந்து தொடுவதைக் காணலாம்.

நூலும் ஆசிரியரும்

அபுல் காஸிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவீ அந்தலுஸ் நாட்டவர். கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936ஆம் ஆண்டில் குர்துபாவுக்கு அருகே எழுப்பத் தொடங்கிய மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் அரண்மனை நகரமே அவர் பெயரில் ஒட்டியிருக்கிறது. ஹிஜ்ரி 400க்குப் பின்னர் அவர் காலமானார். அவருடைய பிற்காலத்தில் குர்துபாவில் வளர்ந்த அறிஞர் இப்னு ஹஸ்ம், தாம் அவரை நேரில் கண்டதாகக் குறிப்பிட்டு, மருத்துவத்தில் அவருடைய நூலினும் நிறைவானது எழுதப்படவில்லை என்னும் கருத்துப்படப் போற்றியுள்ளார்.

அந்நூல் 'அத்தஸ்ரீஃப் லிமன் அஜஸ அனித் தஅலீஃப்' என்பதாகும். தானே நூல்களைத் தொகுத்துக்கொள்ள இயலாத மருத்துவனுக்கு ஒரே இடத்தில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தித் தருவது என்ற பொருளைத் தரும் தலைப்பு. முப்பது பகுதிகள் கொண்ட அந்தக் கலைக்களஞ்சியத்தின் இறுதிப் பகுதியே அறுவை பற்றியது. சூட்டுக்கோல் கொண்டு செய்யும் சிகிச்சை முதலாவதாகவும், கத்தியால் செய்யும் சிகிச்சை இரண்டாவதாகவும், எலும்பு முறிவும் மூட்டு நழுவலும் மூன்றாவதாகவும் அது பகுக்கப்பட்டுள்ளது.

அப்பகுதியின் முன்னுரையே நம் கவனத்துக்கு உரியது. தம் நாட்டில் கைத்திறன் வாய்ந்த அறுவை மருத்துவர் அற்றுப்போனதற்குக் காரணம், உடற்கூறு கற்காமல் கத்தி எடுப்பதே என்று அஸ்ஸஹ்ராவீ வருந்துகிறார். பிறகு, தாம் கண்ட சாவுகளைச் சொல்கிறார். ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை அறியாமையால் கீறிய மருத்துவன் நாடியை வெட்டிவிட, குருதி கொட்டி அவள் அவன் கண்முன்னேயே மாண்டாள். முதியவர் ஒருவருக்கு நீர்ப்பைக் கல்லை எடுக்கத் துணிந்த மற்றொருவனின் செயலால் அம்முதியவர் சில நாட்களில் உயிர்நீத்தார். இவற்றைச் சொல்லிவிட்டு, நலம் நிச்சயமாகத் தெரியும் செயல், ஆபத்து மிகுந்த செயல் என அறுவையை இரண்டாகப் பிரித்து, இரண்டாவதிலிருந்து விலகி நிற்குமாறு மாணவர்களை எச்சரிக்கிறார். நூல் முழுவதும் இந்த எச்சரிக்கையின் நிழல் விழுந்திருக்கிறது.

பல்லுக்கு ஒரு வரிசை

கத்திச் சிகிச்சைப் பகுதியில் பற்களைப் பற்றிய அத்தியாயங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வருகின்றன. முதலில் பற்காரையைச் சுரண்டுதல். நோயாளியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மணல் போன்ற படிவு எதுவும் எஞ்சாத வரையில் சுரண்ட வேண்டும் என்று கூறி, பல்லின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடுக்குகளுக்கும் வெவ்வேறு சுரண்டிகளை வரைந்து காட்டுகிறார். அடுத்தது பல் பிடுங்குதல். அதற்கடுத்து, உடைந்து தங்கிய வேர்களை எடுத்தல். அதன் பின்னரே நாம் எடுத்துக்கொண்ட அத்தியாயம் வருகிறது.

பிடுங்குதல் பற்றி அவர் சொல்வதை முதலில் அறிந்துகொள்வது நலம். வலியை ஆற்ற எல்லா வழிகளையும் முயன்று பார்க்க வேண்டும். பிடுங்குவதில் அவசரம் கூடாது. ஏனெனில், போன பல்லுக்கு ஈடு இல்லை. வேறு வழியே இல்லையெனில், வலிப்பது எந்தப் பல் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். வலி நோயாளியை ஏமாற்றக்கூடும். நல்ல பல்லைக் காட்டி அவர் பிடுங்கச் சொல்லிவிடுவார், பல் போன பிறகும் வலி போகாது. இதைத் தாம் கண்டதாகவே அவர் எழுதுகிறார். அவசரக்காரக் குருதி வாங்குவோரும் நாவிதரும் வேரை உடைத்து உள்ளே விட்டுவிடுவதையும், தாடை எலும்பின் துண்டைச் சேர்த்துப் பெயர்த்துவிடுவதையும் கண்டிக்கிறார். குறடு பிடிக்கும் கை அஞ்ச வேண்டிய இடங்களை இவ்வாறு காட்டிய பிறகே, தெற்றுப் பல்லுக்கு வருகிறார்.

அலகும் அரமும்

பற்கள் இயல்பான ஒழுங்கை விட்டு வேறிடத்தில் முளைத்தால் தோற்றம் கெடுகிறது, சிறப்பாகப் பெண்களிடத்தும் அடிமைப் பெண்களிடத்தும் என்று அத்தியாயம் தொடங்குகிறது. உடற்குறை ஒரு மனித உயிரின் விலையையே குறைத்த சந்தை அக்காலத்தில் இருந்தது என்பதை இவ்வரி மறைக்கவில்லை. வரலாற்றைப் படிக்கும் நாமும் அதை மறைத்துப் படிக்க வேண்டியதில்லை.

அடுத்து, அவர் மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறார். பல் மற்றொரு பல்லுக்குப் பின்னால் முளைத்து, அறுக்கவோ அராவவோ இடந்தராத நிலையில் இருந்தால் அதைப் பிடுங்கிவிடலாம். அண்டைப் பல்லோடு ஒட்டி நின்றால் பிடுங்கலாகாது, வெட்ட வேண்டும். அதற்கென ஒரு கருவியை வரைந்து காட்டுகிறார். சிறு பறவையின் அலகு போன்ற வடிவமும் மிகக் கூரிய முனையும் உடைய அக்கருவி இந்திய இரும்பால் ஆனதாக இருக்க வேண்டும் என்கிறார். பல் கடினமானது, அண்டையில் உள்ளவை ஆட்டம் கண்டுவிடக் கூடாது. ஆகவே, வெட்டுதலைப் பல நாட்களுக்குப் பகிர்ந்து செய்ய வேண்டும்.

மூன்றாம் நிலையில் பல் துருத்திக்கொண்டு அராவுவதற்கு வாகாக நிற்கிறது. அப்போது அரத்தால் அராவ வேண்டும். அந்த அரம் பிடி உள்பட முழுவதும் இந்திய இரும்பால் ஆகி, ஊசி செய்வோர் கையாளும் அரத்தைப் போன்று மிக நுண்ணிய வரிகள் கொண்டதாக இருக்க வேண்டும். ஒரே நாளில் முடிக்கக் கூடாது. பல் அசைந்து விழுந்துவிடாதபடி மெல்ல மெல்லப் பல நாட்கள் அராவி, இறுதியில் சுரண்டிகளால் வழவழப்பாக்க வேண்டும். உடைந்த பல்லின் கூர்முனை பேசும்போது நாவைக் குத்துமானால் அதையும் இவ்வாறே அராவிச் சமன் செய்யலாம் என்று கூறி அத்தியாயத்தை முடிக்கிறார்.

இவை யாவும் அஸ்ஸஹ்ராவீயின் சொந்தக் கண்டுபிடிப்புகள் என்று நாம் உரிமை கொண்டாடுவது பொருந்தாது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமர் ஸெல்ஸஸ், பால்பல் விழுமுன் புதுப்பல் தலைகாட்டினால், பழையதை அகற்றிவிட்டுப் புதியதை நாள்தோறும் விரலால் அதன் இடத்தை நோக்கித் தள்ளிவர வேண்டும் என்று எழுதினார். ஏழாம் நூற்றாண்டு கிரேக்க மருத்துவரான ஏஜினாவின் பவுலுஸ், மிகையான பற்களை வெட்டுவதையும் நீண்டவற்றை அராவுவதையும் சில வரிகளில் குறித்தார். அவருடைய நூல் அரபு மொழிக்கு வந்திருந்தது. அஸ்ஸஹ்ராவீ அதை நன்கு பயன்படுத்திக்கொண்டார். முன்னோர் சில வரிகளில் விட்டுச்சென்றதைக் கருவியின் வடிவம், அது ஆன உலோகம், அரத்து வரியின் நுண்மை, வேலைக்குரிய கால அளவு என்று விரித்து, கற்பவன் பார்த்துச் செய்யுமாறு படமும் வரைந்தளித்தது அன்னாரின் தனிப் பங்கு. முன்னோரிடம் பெற்றதை மறைக்காமல் சொல்லும்போதுதான் அவர் சேர்த்தது எவ்வளவு என்பது விளங்குகிறது.

இந்திய இரும்பு

குர்துபாவின் மருத்துவர் ஒரு பல்லுக்காக இந்திய இரும்பைக் கேட்டது தமிழ் வாசகர்களாகிய நம்மைச் சற்று நிறுத்தி எண்ண வைக்கிறது. அரபு மொழியில் இந்திய உருக்கால் செய்த வாளுக்கு 'முஹன்னத்' என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுன் கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) பாடிய 'பானத் ஸுஆத்' கவிதையிலேயே இச்சொல் இடம்பெற்றுள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களின் வகைகளைப் பற்றி எழுதிய அல்கிந்தீ, ஸரந்தீப் எனப்பட்ட இலங்கையின் உருக்கையும் குறிப்பிடுகிறார். 1154இல் தம் புவியியல் நூலை முடித்த அல்இத்ரீஸீ, இந்திய இரும்பின் கூர்மைக்கு நிகரில்லை என்ற கருத்தைப் பதிந்துள்ளார்.

இப்புகழுக்குப் பின்னால் உண்மையான உலைகள் இருந்தன. தேனிரும்பையும் கரிப்பொருளையும் மண்மூசையில் அடைத்து மூடி, கடுந்தீயில் உருக்கி எடுப்பது தென்னிந்தியக் கொல்லரின் முறை. கரியம் மிகுந்த கடினமான உருக்கு அதில் கிடைத்தது. ஈரோடு மாவட்டத்தின் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள் பழந்தமிழர் இரும்புத் தொழிலின் சான்றுகளை வெளிக்கொணர்ந்தன. இலங்கையின் சமனலவெவப் பகுதியில், மலைச்சரிவில் மோதும் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு ஏழாம் நூற்றாண்டு முதல் பதினொன்றாம் நூற்றாண்டு வரை இரும்பு உருக்கிய உலைகளைப் பற்றிய ஆய்வு 1996இல் வெளியாயிற்று. அஸ்ஸஹ்ராவீ வாழ்ந்த காலம் அவ்வுலைகள் எரிந்த காலத்துக்குள் அடங்குகிறது.

மருத்துவர் இவ்வுலோகத்தைக் கேட்டதில் வீண் ஆடம்பரம் இல்லை. பல்லின் மேற்பூச்சாகிய எனாமல், மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். மென்மையான இரும்பால் ஆன அரம் அதன் மேல் வழுக்கும். வழுக்கும் கருவியை மருத்துவன் அழுத்துவான். அழுத்தினால் பல் ஆடும். கூர்மை குன்றாத நுண் அரம் இருந்தால் மெல்லிய கையே போதும். வாளுக்குப் புகழ் பெற்ற உருக்கு இங்கே வலியைக் குறைக்கப் பயன்பட்டது.

பொன்னும் வெள்ளியும்

தெற்றுப் பல்லை அடுத்து வரும் அத்தியாயம் ஆடும் பற்களைக் கம்பியால் கட்டுவது பற்றியது. பொற்கம்பியே சிறந்தது என்கிறார் அஸ்ஸஹ்ராவீ. வெள்ளி சில நாட்களில் பச்சை பூத்துக் கெடும், பொன் மாறாது. உறுதியான பற்களோடு ஆடும் பற்களைப் பின்னிக் கட்டி, முடிச்சை நாவில் உறுத்தாமல் மறைத்துவிட வேண்டும். விழுந்துவிட்ட பல்லையே மீண்டும் அதன் இடத்தில் வைத்துக் கட்டலாம். மாட்டெலும்பைப் பல் வடிவில் செதுக்கியும் வைக்கலாம் என்கிறார்.

ஆண்கள் பொன் அணிவதைத் தடுத்த மார்க்கத்தில் பொற்கம்பி எவ்வாறு அனுமதி பெற்றது? ஜாஹிலிய்யாக் காலத்துக் குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் வெள்ளி மூக்கு வைத்துக்கொண்டார்கள். அதில் துர்நாற்றம் ஏற்பட்டது. பொன்னால் மூக்கு செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்கள் இதைப் பதிவு செய்கின்றன. அறிஞர் பலர் தம் பற்களைப் பொன்னால் கட்டிக்கொண்டதாக அறிவிக்கப்படுகிறது என்றும், இந்நபிமொழி அவர்களுக்குச் சான்று என்றும் இமாம் திர்மிதீ இதன் கீழ்க் குறிப்பு எழுதுகிறார். இமாம் அபூஹனீஃபா, பல் கட்டுவதற்கு வெள்ளியே போதும் எனக் கருதினார். அவருடைய மாணவர் இமாம் முஹம்மத் பொன்னையும் அனுமதித்தார். வெள்ளி கெடும், பொன் கெடாது என்று குர்துபாவின் மருத்துவர் தம் அனுபவத்தால் எழுதியதும் நபிமொழியில் காணும் காரணமும் ஒன்றாகவே இருப்பதை வாசகர்கள் கவனிக்கலாம். தேவை வந்தவிடத்து அணிகலன் மருந்தாகிறது.

படைப்பை மாற்றுதலும் குறையை நீக்குதலும்

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்றும் உண்டு. அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கிக்கொள்ளும் பெண்கள், அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவோர் எனச் சபிக்கப்பட்டதாக அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. அரம் என்னும் அதே கருவியை அஸ்ஸஹ்ராவீ தம் மாணவர்களின் கையில் கொடுக்கிறார். இரண்டும் எவ்வாறு பொருந்தும்?

முஸ்லிம் நூலுக்கு உரை எழுதிய இமாம் நவவீ (மறைவு 1277) இதற்கு விடை தருகிறார். தடை, அழகை மட்டுமே நாடிச் செய்வதற்கு உரியது. சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறைக்காகவோ தேவைப்பட்டால் குற்றமில்லை. முதுமையை மறைத்து இளமை காட்டுவதற்காக ஒழுங்கான பல்லை அராவுவது ஒன்று. இயல்பான ஒழுங்கிலிருந்து விலகியதை மீண்டும் அவ்வொழுங்குக்குக் கொண்டுவருவது வேறொன்று. முன்னது படைப்பை மாற்றுகிறது. பின்னது படைப்பின் பொதுவான அமைப்புக்குத் திருப்புகிறது. 2007இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் மன்றமும், உடலுக்கோ உள்ளத்துக்கோ குறிப்பிடத்தக்க துன்பம் தருமாயின் பிறவிக் குறைகளை நீக்கலாம் என்று முடிவு செய்தபோது, மிகையான விரல்களோடு மிகையான பற்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது.

அஸ்ஸஹ்ராவீயின் அத்தியாயத்தில் சட்ட விவாதம் இல்லை. ஆயினும், அவர் அரத்துக்கு இட்ட வரம்புகள் அந்த எல்லைக்கோட்டைக் காக்கின்றன. இயல்பை விட்டு விலகிய பல்லையே அவர் தொடுகிறார். எடுக்க வேண்டிய அளவே எடுக்கிறார். அண்டைப் பல்லின் உறுதியைத் தோற்றத்தினும் மேலாக மதிக்கிறார். நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இதுவே விடை. உயிருக்கு ஆபத்தில்லாத குறையைத் திருத்தும்போதுதான் மருத்துவன் பெருந்தீங்கு செய்துவிடக் கூடாது என்ற கடமை இரட்டிப்பாகிறது. அதனால்தான் அச்சிறு குறைக்குத் தனி அத்தியாயமும் தனி அரமும் பல நாட்களும் தேவைப்பட்டன.

மேற்கே சென்ற நூல்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் துலைதுலாவில் கிரமோனாவின் ஜெரார்டு அறுவைப் பகுதியை லத்தீனில் பெயர்த்தார். 'அல்புகாஸிஸ்' என்ற பெயருடன் அது ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் நுழைந்தது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் கீ தெ ஷோலியாக், 1363இல் முடித்த தம் பெருநூலில் அவரை இருநூறு முறைக்கு மேல் எடுத்தாண்டார். 1465இல் அனத்தோலியாவின் அமாஸியாவில் ஷரஃபுத்தீன் ஸபுஞ்சுஓக்லு, இந்நூலை அடிப்படையாகக் கொண்டு துருக்கி மொழியில் எழுதிய அறுவை நூலில் மருத்துவரையும் நோயாளியையும் வண்ண ஓவியங்களாகவே தீட்டினார். லத்தீன் பெயர்ப்பு 1497இல் வெனிஸில் அச்சேறியது. 1778இல் ஆக்ஸ்ஃபோர்டில் அரபு மூலம் லத்தீனோடு இணைந்து வெளிவந்தது. நவீனப் பல் மருத்துவத்தின் தொடக்கம் எனக் கொள்ளப்படும் பியேர் ஃபோஷாரின் பிரெஞ்சு நூல் வந்தது 1728இல்தான்.

இன்றைய நாற்காலியில்

இன்று மயக்க மருந்து உண்டு, கதிர்ப்படம் உண்டு. பல்லின் இடம் தவறுதலைப் பற்றிய அறிவும் விரிந்துள்ளது. மேல்தாடையின் முன் நடுவில் மிகைப்பல் முளைத்து மற்றவற்றின் வழியை மறிப்பது உண்டு. மேல் கோரைப்பல் கீழிறங்க வழியின்றி அண்ணத்தின் எலும்புக்குள்ளேயே படுத்துவிடுவது ஏறத்தாழ நூற்றில் இருவருக்கு நேர்கிறது. அப்போது மருத்துவர் அண்ணத்தின் தசையை விலக்கி, புதைந்த பல்லின் தலையைத் திறந்து, அதில் சிறு பிடிப்பு ஒன்றை ஒட்டி, மெல்லிய சங்கிலியால் வெளிக்கம்பியோடு இணைக்கிறார். அச்சங்கிலி பெரும்பாலும் தங்கத்தாலோ தங்க முலாம் பூசியோ செய்யப்படுகிறது. ஈரத்திலும் எச்சிலிலும் பொன் கெடுவதில்லை என்ற பழைய காரணம் இன்னும் மாறவில்லை.

இழுக்கும் விசை மென்மையானதாக இருத்தல் வேண்டும். பல்லின் ஒரு பக்கத்து எலும்பு கரைந்து மறுபக்கத்தில் புதிதாக வளர வளர, பல் மாதக் கணக்கில் சிறிது சிறிதாக இடம்பெயர்கிறது. விசை மிகுந்தால் வேர் தேய்ந்துபோகும். 'பல நாட்கள், மெல்ல மெல்ல' என்ற குர்துபா மருத்துவரின் சொல்லுக்கு உடலியல் விளக்கம் இப்போதுதான் நம் கையில் கிடைத்திருக்கிறது.

நம் இல்லங்களில் இக்கேள்வி திருமணப் பேச்சை ஒட்டியே பெரும்பாலும் எழுகிறது. பெண் பிள்ளையின் தெற்றுப் பல்லைச் சில வாரங்களில் சரிசெய்துவிட வேண்டும் என்று பெற்றோர் அவசரப்படுவதையும், விரைவில் முடித்துத் தருவோம் என்று கூறுவோரை நாடுவதையும் காண்கிறோம். மறுபுறம், மார்க்கத் தடைக்கு அஞ்சி, உணவை மெல்ல இயலாத பிள்ளைக்கும் சிகிச்சையை மறுப்போர் இருக்கிறார்கள். இரு சாராரும் அச்சிற்றத்தியாயத்திலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். இப்பல் உண்மையிலேயே தன் இடத்தை விட்டு விலகியதா? இதைத் தொடுவதால் அண்டைப் பற்களுக்கு என்ன நேரும்? தேவையான கால அவகாசத்தைக் கொடுக்க நாம் ஆயத்தமா? இக்கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடிய முறையான மருத்துவரிடம் நம் பிள்ளைகளை அழைத்துச் செல்வது, அஸ்ஸஹ்ராவீயின் பெயரை மேடைகளில் சொல்வதைக் காட்டிலும் அன்னாருக்கு நாம் செய்யும் மேலான மரியாதை.